'டாங்க்' என்னும் சொல்லும் குளம் என்னும் பொருளும்

ஒரு சொல் மொழிவிட்டு மொழி செல்லும்போது அதன் பொருள் விரிவதுமுண்டு, மறைவதுமுண்டு. இவ்விரண்டும் ஒரு சொல்லிலேயே நிகழ்ந்தமைக்கு, திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தில் வழங்கும் 'டாங்க்' என்னும் ஆங்கிலச் சொல் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். சீனக்குடாவில் பிரித்தானியர் 1930களில் அமைத்த, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10,000 தொன் எண்ணெய் கொள்ளத்தக்க உருக்குக் கலங்கள் ஆங்கிலத்தில் 'டாங்க்' எனப்படுகின்றன. அங்கிருந்து தென்மேற்கே, வயல்களுக்கு நீர் வழங்கும் கந்தளாய்க் குளமும் 'டாங்க்' எனப்படுகின்றது. வீட்டுக் கூரைமேல் ஏற்றிய நீர்க்கலத்துக்கும் போரில் ஓடிய கவச ஊர்திக்கும் பெயர் அதுவே.

இச்சொல் ஆங்கிலேயரின் முதுசொம் அன்று. 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர், குசராத்தி, மராத்தி மொழிகளில் நீர்நிலையைக் குறித்த சொல்லையும், அதனோடு ஒலியொத்த போர்த்துக்கேயச் சொல்லையும் கேட்டு இதனைக் கைக்கொண்டனர் என்பர் சொற்பிறப்பியலாளர். உலோகக் கலம் என்ற பொருள் பின்னர் ஏற்பட்டது. முதலாம் உலகப் போரின்போது பிரித்தானியர் தமது புதிய கவச ஊர்தியை நீர் கொண்டுசெல்லும் கலமெனப் பிறர் கருதுமாறு இப்பெயரால் மறைத்தனர். 1916 செப்ரெம்பரில் அது போர்க்களம் புகுந்தபின்னரும் மறைப்பெயரே நிலைத்துவிட்டது. நீரைக் காத்துவைத்த கீழைத்தேயச் சொல் போர்க்கருவியின் பெயராகி மீண்டமை வரலாற்றின் முரண் எனலாம்.

ஆங்கிலேயர் அனைவரும் நம் குளங்களை இச்சொல்லாலேயே கண்டனர் என்பதற்கில்லை. 1660இல் கொட்டியாரக் குடாவில் சிறைப்பட்ட றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில், மழைநீரைத் தேக்க எழுப்பிய மண்ணணைகளின் பிறைவடிவையும், ஊர்தோறும் அவை இருந்தமையையும், நெற்செய்கை அவற்றையே நம்பியிருந்தமையையும் விளக்குகின்றார். பெயரைக் காட்டிலும் அதன் தொழிற்பாட்டையே அவர் முதன்மையாகக் கண்டார். பின்னாளில் குடியேற்ற ஆட்சியின் அறிக்கைகளில் 'டாங்க்' என்ற ஒரு சொல் நிலைபெற்றபோது இவ்விளக்கம் தேவையற்றதாகத் தோன்றிவிட்டது.

ஆனால் குளம் என்பது நீர் நிற்கும் இடம் மட்டுமன்று. அணையும் துருசும் கலிங்கும் வாய்க்காலும் வயலும், அவற்றைப் பேணும் ஊராரின் உழைப்பும் ஒன்றுசேர்ந்த அமைப்பு அது. கோணேசர் கல்வெட்டு போற்றும் குளக்கோட்டன் என்ற பெயரையே குளமும் கோட்டமும் கட்டியவன் என மரபு விளக்குகின்றது. கந்தளாய்க் குளத்தை அவனுடைய திருப்பணியோடு இணைக்கின்றது. சிங்கள மரபு அக்குளத்தை அனுராதபுர மன்னன் இரண்டாம் அக்கபோதியின் பணியாகக் கூறும். இரு மரபுகளும் உரிமை கோருமளவுக்கு ஒரு குளம் மதிக்கப்பட்டமை மனங்கொளத்தக்கது. கொள்கலம் எதற்கும் இத்தகைய மதிப்பு வாய்த்ததில்லை.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1986 ஏப்பிரல் 20ஆம் திகதி கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்தபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஊர்களும் வயல்களும் அழிந்தன. 'டாங்க்' உடைந்தது என்று ஆங்கிலத்தில் படிக்கும் வெளிநாட்டு வாசகர் மனத்தில் உருக்குக் கலமொன்று தோன்றலாம். வெள்ளம் விழுங்கிய ஊர் தோன்றாது. இலங்கை, தென்னிந்திய ஆங்கிலங்களில் பழம்பொருள் வாழ்கின்றது என்பது உண்மையே. எனினும் அவ்வட்டத்துக்கு வெளியே அச்சொல் பேரழிவின் அளவைச் சுருக்கிவிடுகின்றது.

தமிழ் இச்சொல்லை எதிர்கொண்ட விதமும் ஆராயற்பாலது. இலங்கைத் தமிழில் 'தாங்கி' என்ற வழக்கு உருவாயிற்று. சுமைதாங்கி, இடிதாங்கி என்பவற்றின் வழியில் அமைந்த இது, ஆங்கில ஒலிக்கும் தமிழ்ப் பொருளுக்கும் ஒருங்கே இயைகின்றது. நீர்த்தாங்கி நீரைத் தாங்குகின்றது. எண்ணெய்த்தாங்கி எண்ணெயைத் தாங்குகின்றது. ஆனால் 'யுத்ததாங்கி' எதைத் தாங்குகின்றது? அங்கு ஒலி மட்டுமே எஞ்சுகின்றது, பொருள் நழுவிவிடுகின்றது. கவச ஊர்தி என்பதே அவ்விடத்துக்குப் பொருந்தும்.

மொழிபெயர்ப்போர் இதிலிருந்து பெறவேண்டிய தெளிவு ஒன்றுண்டு. ஆங்கில அறிக்கையில் 'டாங்க்' என்ற சொல்லைக் கண்டதும் அகராதியை நாடுவது போதாது. சுட்டப்படுவது சீனக்குடாவா, கந்தளாயா என்று முதலில் கேட்டல் வேண்டும். அவ்வாறே தமிழிலிருந்து ஆங்கிலம் செல்லும்போதும், குளத்தைக் குளம் என்றே எழுதி ஒருமுறை விளக்குவது, பழகிய சொல்லால் மூடுவதினும் நன்று. பன்குளம், முதலிக்குளம் என ஊர்ப்பெயர்களிலேயே குளத்தை வைத்து வாழும் மாவட்டமொன்றில், குளத்தைத் தாங்கியெனப் பெயர்ப்பது சொற்பிழை மட்டுமன்று. அவ்வூர்கள் தோன்றிய காரணத்தையே மறப்பதாகும்.