அடிக்குறிப்பின் அழகு

'நாச்சியார் திருமொழி 6:1' என்று ஓர் ஆய்வுக் கட்டுரையின் அடியில் இருந்தால் போதும். எந்தப் பதிப்பைப் புரட்டினாலும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் வாரணமாயிரம் பதிகத்தில் முதல் பாசுரம் கண்முன் வந்து நிற்கும். நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தின் தொடர் எண்படி அது 556. பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறினாலும் தேடுபவர் வழி தவறுவதில்லை. என்ன நேர்த்தியான ஏற்பாடு!

உரைநடைக் கட்டுரைத் தொகுப்புகளுக்கு இந்த வசதி கிடையாது. எழுதியவர், கட்டுரைத் தலைப்பு, தொகுப்பாசிரியர், நூல், வெளியீட்டாளர், ஆண்டு, பக்கம் எல்லாமே வேண்டும்.

2018 ஜனவரியில் ராஜபாளையத்தில் ஆண்டாளைப் பற்றி உரையாற்றிய கவிஞர் வைரமுத்து, ஓர் ஆங்கிலத் தொகுப்பிலுள்ள கட்டுரையின் வரியை மேற்கோள் காட்டி, அந்தத் தொகுப்பை அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக வெளியீடாகச் சுட்டினார். அந்த ஒரு மேற்கோள் தமிழ்நாடெங்கும் சர்ச்சையானது. உண்மையில் அந்த நூலை 1978இல் வெளியிட்டது சிம்லாவிலுள்ள இந்திய உயர் ஆய்வு நிறுவனம். தொகுப்பாசிரியர் எஸ்.சி. மாலிக். பக்தி இயக்கம் பற்றிய அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் கேரள வரலாற்றாய்வாளர்கள் எம்.ஜி.எஸ். நாராயணனும் கேசவன் வெளுத்தாட்டும்.

சர்ச்சைக்குரிய வரி என்றால், அதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமை வாசகருக்கு உண்டு. வெளியீட்டாளர் பெயர் மாறினால் தேடல் வேறு நாட்டுக்கே போய்விடும். ஆய்வு மாணவர்களே, நூலின் தலைப்புப் பக்கத்தை நேரில் பார்த்த பிறகே அடிக்குறிப்பை எழுதுங்கள்.