மாயா ராவ்: மேடையை வகுத்தவர்

பெங்களூரு மெட்ரோவின் பச்சை வழித்தடத்தில் மகாகவி குவெம்பு சாலை, ஸ்ரீராம்புரம், மந்திரி ஸ்கொயர் சம்பிகே சாலை என்று மூன்று நிலையங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஸ்ரீராம்புரம் தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழும் பகுதி. அடுத்த நிலையத்தில் இறங்கினால் மல்லேஸ்வரம். இரண்டுக்கும் நடுவே ஒரு ரயில் பாதைதான். நடன அமைப்பை இந்தியாவில் முறையான படிப்பாக்கிய மாயா ராவ் அந்த மல்லேஸ்வரத்தில்தான் பள்ளி நடத்தினார். கன்னடக் கவிஞர் குவெம்புவின் 'ஸ்ரீ ராமாயண தரிசனம்' காவியத்தை நாட்டிய நாடகமாக மேடையேற்றியவரும் அவரே.

சினிமாப் பாட்டுக்கு அசைவு சொல்லிக்கொடுக்கும் டான்ஸ் மாஸ்டரை ஸ்ரீராம்புரத்துச் சிறுவர்களுக்கும் தெரியும். 'மின்சாரக் கனவு' படத்துக்காகத் தேசிய விருது வாங்கிய பிரபுதேவா மைசூரில் பிறந்தவர் என்பதில் இந்த ஊர்க்காரர்களுக்குத் தனிப் பெருமை உண்டு. ஆனால் சாஸ்திரிய நடனத்தில் நடன அமைப்பு என்பது நெடுங்காலம் தனிக் கலையாக எண்ணப்படவில்லை. குரு சொன்னதைச் சிஷ்யை ஆடினாள். அமைத்தவர் யார், எப்படி அமைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் மாயா ராவ்.

1928 மே 2ஆம் தேதி பெங்களூரில் கொங்கணிக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். பெண் பிள்ளைகள் ஆடுவதை விரும்பாத காலம் அது. நகரின் பி.ஆர்.வி. டாக்கீஸில் உதய சங்கர் குழுவின் நிகழ்ச்சியைப் பார்த்த தந்தை மனம் மாறி, மகள்களுக்கு நடனம் கற்பிக்க முடிவு செய்தார். உதய சங்கரின் கதையும் கவனிக்க வேண்டியதே. 1923இல் லண்டனில் ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவுடன் ஆடியவர் அவர். எந்த ஒரு சம்பிரதாயத்துக்குள்ளும் அடங்காமல், குழுவாக ஆடும் இந்திய நடனத்தை அவர் உருவாக்கினார். தன் 'கல்பனா' படத்தைச் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில்தான் எடுத்தார். ஒரே மாலையில் அப்படியொரு குழு நடனம் ஒரு தகப்பனின் மனத்தைத் திருப்பியது என்றால், அதன் வீச்சு எவ்வளவு இருந்திருக்கும்!

மாயா ராவ் கற்றது கதக். அப்போது பெங்களூரில் இருந்த, ஜெய்ப்பூர் கரானா எனும் வழியைச் சேர்ந்த சோஹன்லாலிடம் கற்றார். தந்தை காலமானபின், பதின்ம வயது முடியும் முன்பே மாயா நடனம் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்துக்குத் துணை நின்றார். பிறகு தில்லியில் பாரதிய கலா கேந்திரத்தில் லக்னோ வழியின் ஷம்பு மகராஜிடம் மாணவியானார். ஜெய்ப்பூர் வழி கால்களின் தாளக் கணக்குக்குப் பேர்போனது. லக்னோ வழியின் உயிர் அபிநயம். ஷம்பு மகராஜ் அபிநயத்தில் இணையற்றவர். இரண்டையும் உடம்பில் ஏற்றிக்கொண்டவருக்குத் தனியாக ஆடியே பெரிய பெயர் வாங்கியிருக்க முடியும்.

ஆனால் அவர் போனது மாஸ்கோவுக்கு. 1960களின் தொடக்கத்தில் சோவியத் உதவித்தொகையில் நடன அமைப்பு படிக்கச் சென்றார். ஆசிரியர் ரொஸ்திஸ்லாவ் ஸகாரோவ். புஷ்கினின் கவிதையிலிருந்து 'பக்சிசராய் நீரூற்று' பாலேவை 1934இல் அமைத்தவர் அவர். பாத்திரம் ஏன் அசைகிறது என்ற காரணம் தெரியாமல் ஓர் அடியும் வைக்கக் கூடாது என்ற நாடகப் பார்வை ஸகாரோவுடையது. கதக்கில் ஊறிய ஒருவருக்கு அது எவ்வளவு புதிதாக இருந்திருக்க வேண்டும்!

அதன் அருமை புரிய கதக்கின் இயல்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கதக் அடிப்படையில் ஒற்றை ஆட்டக்காரரின் கலை. பதினாறு மாத்திரைத் தீன்தாலில் தபலாவும் சலங்கையும் போட்டியிட, சுழன்று சுழன்று வந்து, தாளச் சுற்றின் முதல் மாத்திரையான சமத்தில் சட்டென்று நிற்பதுதான் அதன் உச்சம். சபை 'வாஹ்' என்று சொல்லும் இடம் அது. இப்போது பத்துப் பேரை மேடையில் நிறுத்துங்கள். பத்துப் பேரும் ஒரே வேகத்தில் சுழன்றால் கண் எங்கே போகும்? யாரை நிறுத்துவது, யாரைச் சுழலவிடுவது, முன்மேடையை எப்போது காலியாக விடுவது, ஒருவர் வெளியேறும்போது அவர் விட்ட இடத்தை எதைக்கொண்டு நிரப்புவது? ஒற்றை ஆட்டத்தில் எழாத கேள்விகள் இவை. இவற்றுக்கு விடை தேடுவதே நடன அமைப்பு.

தமிழ்ப் பக்கம் இதே சிக்கலை ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்ராவின் நாட்டிய நாடகங்களில் எதிர்கொண்டார். அவருடைய தீர்வு அவர் அமைத்த நாடகங்களுக்குள்ளேயே இருக்கிறது. மாயா ராவோ தீர்வு காணும் வழியையே பாடமாக்கினார். இதுதான் அவருடைய தனிச் சாதனை.

1964இல் தில்லியில், கமலாதேவி சட்டோபாத்யாயின் பாரதிய நாட்டிய சங்கத்தின் ஆதரவில், நடன அமைப்புக்கான நாட்டியப் பள்ளியைத் தொடங்கினார். ஆடத் தெரிந்தவர்கள் அங்கே வந்து, அமைக்கக் கற்றார்கள். இசை, ஆடை, ஒளி, மேடை எல்லாம் பாடத்தில் சேர்ந்தன. 1987இல், ராமகிருஷ்ண ஹெக்டே கர்நாடக முதல்வராக இருந்தபோது, பள்ளி பெங்களூருக்கு வந்தது. சங்கீத நாடக அகாதெமி விருது 1989இல் கிடைத்தது.

அவர் எடுத்துக்கொண்ட பொருள்களைப் பார்த்தாலே துணிச்சல் தெரியும். 'வெனிஸ் கா சௌதாகர்' ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன். வழக்காடு மன்றத்தின் சொற்போரை உடலால் சொல்ல வேண்டும். 'அமீர் குஸ்ரோ'வில் ஒரு கவிஞன். 'துளசி கே ராம்' நாடகத்தில் பக்தி. 'ஹொய்சள வைபவ'த்தின் சவாலை, ஹொய்சளர் கட்டிய பேலூர் கோயிலின் மதனிகைச் சிலைகளைப் பார்த்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். கல்லில் நிற்கும் அந்தப் பெண்கள் அசைவின் நடுவே உறைந்தவர்கள். அவர்களை அசைய வைப்பது எளிது. சிலையின் அழகு குலையாமல் அசைய வைப்பதே கடினம்.

மாயா ராவ் 2014 செப்டம்பர் 1ஆம் தேதி மறைந்தார். மகள் மது நடராஜ் 1995இல் ஸ்டெம் என்ற நடனக் குழுவைத் தொடங்கி, கதக்கிலிருந்து சமகால நடனத்துக்குப் பாலம் போட்டவர். குருவின் பாணியை நகலெடுக்காமல் புதிதாக அமைக்கத் துணியும் மாணவர்தான் இத்தகைய பள்ளிக்குப் பெருமை.

நடனப் பயிற்சி பெறாதவர்களிடம் நடன அமைப்பு போய்ச் சேரும்போது அதன் வலிமை இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. சமகால நடனக் கலைஞர் அஸ்தாத் தேபு சென்னை மயிலாப்பூர் கிளார்க் செவித்திறன் குறைந்தோர் பள்ளி மாணவர்களுடன் படைப்புகளை அமைத்தார். பாட்டைக் காதால் கேட்க முடியாத பிள்ளைகள் எண்ணிக்கையாலும் பார்வையாலும் ஒருவருக்கொருவர் காலம் காட்டிக்கொண்டு ஆடினார்கள். அங்கே அமைப்பாளரின் திட்டமே தாளமாக நின்றது.

இதை ஸ்ரீராம்புரம் கவனிக்க வேண்டும். அம்மன் திருவிழா மேடையிலும் பிள்ளையார் சதுர்த்திப் பந்தலிலும் ராஜ்யோத்சவ விழாவிலும் பத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, யார் முன்னே யார் பின்னே என்று முடிவு செய்யும் அண்ணனோ அக்காவோ எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது நடன அமைப்பேதான். அவர்களுக்குக் குறைவது திறமை அல்ல, பயிற்சி. விழா நடத்தும் சங்கங்களும் தமிழ் அமைப்புகளும் ஒலிபெருக்கிக்கும் பந்தலுக்கும் செய்யும் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, அந்த இளைஞர்களில் இருவரையாவது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் படிக்க அனுப்ப வேண்டும்.