ஒரு பழைய அகராதி

அகராதியை நாவல் மாதிரி உட்கார்ந்து வாசிக்கலாம் என்று சொன்னால் சிரிப்பார்கள். சந்தேகம் வந்தால் புரட்டிப் பார்த்துவிட்டு அலமாரியில் திருப்பி வைக்கவேண்டிய சரக்கு அது என்பதுதான் பொது அபிப்பிராயம். ஆனாலும் அப்படி வாசிக்கத் தகுந்த அகராதி ஒன்று உண்டு. அதன் பெயர் ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’.

மொகரம் ஊர்வலத்தில் ‘யா ஹஸன், யா ஹுஸேன்’ என்று எழும் ஓலம் வெள்ளைச் சிப்பாயின் காதில் விழுந்து இப்படி உருமாறிற்று. இந்நாட்டில் ஆங்கிலேயர் வாயில் புரண்ட சொற்களைத் திரட்டிய புஸ்தகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அகப்படாது. கர்னல் ஹென்றி யூலும், தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்த பர்னலும் சேர்ந்து செய்தது. பர்னல் 1882-ல் காலமாகிவிட்டார். புஸ்தகம் 1886-ல்தான் வெளிவந்தது.

இதில் வரும் சொற்கள் பல இன்றைய ஆங்கிலத்தில் செத்துப்போனவை. தோப்புக்கு ‘டோப்’, சட்டிக்குச் ‘சாட்டி’, கணக்கப்பிள்ளைக்குக் ‘கானிகாபொலி’. இன்று லண்டனில் ஒருவரிடம் ‘கானிகாபொலி’ என்றால் ஏதோ இத்தாலியப் பலகாரம் என்று நினைப்பார். தப்புச் செய்த சிப்பாய்களை அடைக்கும் கொட்டடிக்குக் ‘கஞ்சி ஹவுஸ்’ என்று பெயர். உள்ளே என்ன கிடைக்கும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான கதை ‘டிபன்’. 1785-ல் பிரான்ஸிஸ் க்ரோஸ் என்பவர் வெளியிட்ட கொச்சை ஆங்கில அகராதியில், வேளையல்லாத வேளையில் தின்பதற்கும் குடிப்பதற்கும் ‘டிஃபிங்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அதன் வழிவந்ததே டிபன் என்பது நம் அகராதிக்காரர்களின் கட்சி. இங்கிலாந்தில் அந்தக் கொச்சை மறைந்தது. நம் இட்லிக் கடைகள் அதைக் காப்பாற்றின. பிறந்த வீட்டில் நாதியற்றுப்போன சொல் புகுந்த வீட்டில் மகராசியாக வாழ்கிறது.

ஆக, சொல்லை உயிரோடு வைத்திருப்பது அகராதி அல்ல, வாய்தான். அகராதி சாட்சி சொல்லும், அவ்வளவே. ஆனால் யூலைப் போலச் சாட்சி சொன்னவர்கள் குறைவு. ஒவ்வொரு சொல்லையும் எந்த வருஷம் யார் எழுதினார்கள் என்று மேற்கோள்களை வரிசையாக அடுக்கிவைக்கிறார். செத்த சொல் எழுந்து நடப்பதுபோல இருக்கிறது. நாவலாசிரியன் பொறாமைப்படவேண்டிய வித்தை இது.

குறை ஒன்று உண்டு. இந்தப் புஸ்தகத்தின் காது தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கும் துரையின் காது. பணம், காசு, கண்டி, கூலி, சுருட்டு எல்லாம் அதில் ஏறியிருக்கின்றன. வாங்கவும் விற்கவும் வேலை வாங்கவும் வேண்டிய சொற்கள். சாத்தான்குளத்துப் பனங்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்துக்கு ‘பால்மைரா’, கருப்பட்டிக்கு ‘ஜாகரி’, கள்ளுக்கு ‘டாடி’ என்று மூன்றும் ஆங்கிலத்தில் ஏறிவிட்டன. பாளையை இடுக்கி நசுக்கும் கடிப்பு, பதநீர் பாதி காய்ந்து பாகாகி நிற்கும் கூப்பனி, அதைக் காய்ச்சும் ஓலைக் குடிசையான விடிலி இவற்றுக்கு இடமில்லை. பண்டத்தின் பெயர் கப்பலேறியது. பாடுபட்டவனின் கருவி கரையிலேயே நின்றுவிட்டது.

இத்தனைக்கும் சாத்தான்குளத்துக்குத் தெற்கே, திசையன்விளைக்குப் பக்கத்து இடையன்குடியில் 1841 முதல் பனைமரங்களின் நடுவே நெடுங்காலம் வாழ்ந்தவர் கால்டுவெல். அவருடைய ஒப்பிலக்கணமும் இந்த அகராதியில் மேற்கோளாக வருகிறது. யூலைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. ஆங்கிலேயர் வாயில் ஏறிய சொற்கள் மட்டுமே அவர் வகுத்துக்கொண்ட எல்லை. எல்லைக்கு வெளியே நின்ற சொற்கள் நம் பொறுப்பு.

நாம் என்ன செய்தோம்? 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பேரகராதி, திருநெல்வேலி வழக்கு என்று குறிப்பிட்டே பல சொற்களைச் சேர்த்தது. 1982-ல் கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுச் சொற்களுக்குத் தனி அகராதி கொண்டுவந்தார். இரண்டும் பெரிய காரியங்கள். ஆனால் பனையேறுகிறவர் தொகை குறைந்துகொண்டே வருகிறது. ஏறுகிறவர் இறங்கிவிட்டால் கடிப்பும் கூப்பனியும் அவரோடேயே இறங்கிவிடும். அகராதி அவற்றுக்கு அர்த்தம் எழுதி வைக்கலாம். பாளையின்மேல் கடிப்பை எந்த அளவு அழுத்தவேண்டும் என்ற பக்குவம் அர்த்தத்தில் வராது. பனையேறி ஒருவன் கதையில் வந்து பேசினால் ஒருவேளை வரலாம்.

‘வட்டார வழக்கு புரியவில்லை, அடிக்குறிப்புப் போடக்கூடாதா?’ என்று வாசகர்கள் கேட்கிறார்கள். டிபனுக்கு யாரும் அடிக்குறிப்புக் கேட்டதில்லை, சாப்பிட்டுத் தெரிந்துகொண்டார்கள். கூப்பனிக்கும் அந்தச் சலுகையைக் கொடுங்கள். இரண்டு பக்கம் பொறுத்திருந்தால் அதுவும் உங்கள் சொல்லாகிவிடும்.