சந்தைக் கடை ஒளிப்படங்கள்: காசிமேடும் எண்ணூரும்

சந்தைக் கடை ஒளிப்படம் என்பது விற்பவரையும் அவரைச் சுற்றியுள்ள சரக்கையும் ஒரே சட்டகத்தில் காட்டும் ஒளிப்பட வகையாகும். வடசென்னையில் இவ்வகைப் படங்கள் எடுக்கப்படும் முக்கிய இடம் இராயபுரத்தை ஒட்டிய காசிமேடு மீன்பிடித் துறைமுகம். விடியலுக்கு முன்பே ஏலம் தொடங்கிவிடும் இங்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் வாங்குவோருடன் கேமராக்காரர்களும் வருகின்றனர்.

முன்னோடிகள்

பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் எழேன் அட்ஜே 1898 முதல் 1900 வரை பாரிஸ் தெரு வியாபாரிகளை அவர்கள் நின்ற இடத்திலேயே படமெடுத்தார். அமெரிக்கரான இர்விங் பென் 1950–51இல் பாரிஸ், லண்டன், நியூயார்க் நகரங்களின் தொழிலாளர்களை ஸ்டுடியோவுக்கு அழைத்து, வெற்றுத் திரையின் முன் தொழில் கருவிகளுடன் நிற்கவைத்து எடுத்தார். பென்னின் படங்களில் மீன் விற்பவருக்கும் பிரபலங்களுக்குரிய மரியாதை கிடைத்தது. ஆனால் கடையும் தெருவும் வாங்குபவரும் காணாமற்போயினர்.

சரக்கு கூறும் செய்தி

காசிமேட்டில் மீன் விற்கும் பெண்ணைச் சுற்றி அலுமினியக் கூடை, பிளாஸ்டிக் டப், தெர்மாகோல் பெட்டி, உடைத்த ஐஸ், தராசு, அருவாமனை ஆகியவை இருக்கும். இவை வெறும் அலங்காரம் அல்ல. வஞ்சிரம் இருக்கிறதா, நெத்தியும் சங்கராவும் மட்டும் இருக்கின்றனவா என்பது அன்றைய முதலீட்டைக் காட்டும். கூறு கட்டி வைத்திருந்தால் எடைக்கு விற்கவில்லை என்று பொருள். ஐஸ் உருகி மீன் மிஞ்சியிருந்தால், விலையைக் குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பெரும்பாலான படங்கள் இச்செய்தியைத் தவறவிடுகின்றன. விற்பவர் தரையிலோ பலகையிலோ அமர்ந்திருக்க, எடுப்பவர் நின்றபடி மேலிருந்து எடுக்கிறார். மீன் பளபளக்கிறது, பெண்ணின் உச்சந்தலை மட்டும் தெரிகிறது. வேறு சிலர் முகச் சுருக்கத்தையும் மூக்குத்தியையும் நெருங்கி எடுத்து, சரக்கை மங்கலாக்கிவிடுகின்றனர். முதல்வகையில் ஆள் இல்லை. இரண்டாம்வகையில் தொழில் இல்லை. அவரருகே உட்கார்ந்து, அவர் கண்மட்டத்தில் எடுத்தாலே இவ்விரு குறைகளும் பெருமளவு நீங்கும். உட்காருவதற்கு அவரிடம் பேசி அனுமதி பெறவும் வேண்டியிருக்கும். அதுவே சரியான தொடக்கம்.

பழனி குமார்

மதுரையைச் சேர்ந்த எம். பழனி குமார் மீன் விற்கும் தாயின் மகன். பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய பாரி இணையத்தளத்தில் இவரது படக்கட்டுரைகள் வெளிவருகின்றன. தம் தாயின் உழைப்பையும் இவர் படங்களாக்கியுள்ளார். 2022இல் தயாநிதா சிங்–பாரி ஆவண ஒளிப்பட விருதைப் பெற்றார். இவர் படங்களில் உழைப்பவரின் பெயரும் ஊரும் உடன் வருவதால், பார்ப்பவர் அவரை ஒரு 'காட்சி'யாக எண்ண இயலாது.

எண்ணூர் தரும் பாடம்

2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகம் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. எண்ணெய் படிந்த படகு, வலை, கைகளின் படங்கள் மீனவர்களின் இழப்புக்குச் சான்றாயின.

ஆனால் இடமும் நாளும் குறிக்கப்படாத அத்தகைய படம் தீங்கும் செய்யலாம். அதைக் கைப்பேசியில் காண்பவர் வடசென்னை மீனையே தவிர்த்தால், ஆழ்கடல் மீன் விற்கும் காசிமேட்டுப் பெண்ணின் கூடையும் விற்காமல் கிடக்கும்.

மதிப்பீடு

எனவே சந்தைக் கடைப் படத்தை ஒளி, வண்ணம் கொண்டு மட்டும் மதிப்பிடுவது போதாது. விற்பவரின் முகம் தெரிகிறதா, சரக்கு அவரது அன்றைய நிலையைச் சொல்கிறதா, இடமும் நாளும் உள்ளனவா என்ற மூன்று கேள்விகளையும் மாணவர்கள் கேட்க வேண்டும். மூன்றுக்கும் விடை தரும் படம் அந்தப் பெண்ணிடமே காட்டத் தக்கதாக இருக்கும்.