கடமையாக மாறிய உரிமை: ஜூல் ஃபெரியின் 1885ஆம் ஆண்டு உரை – ஒரு திறனாய்வு

முன்னுரை

தொழிற்புரட்சிக் காலத்தில் ஐரோப்பிய நாடுகள் தம் காலனிய விரிவாக்கத்திற்குக் கூறிய நியாயங்களைப் பேராசையை மறைத்த போர்வை என்று கருதுவது பொதுவழக்கு. 1885 ஜூலை 28 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் ஜூல் ஃபெரி ஆற்றிய உரை இக்கருத்துக்கு முழுதும் பொருந்துவதாக இல்லை. வட வியட்நாமின் டோங்கின் பகுதியில் நிகழ்ந்த போரின் பின்னடைவால் அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் பிரதமர் பதவியை இழந்திருந்த ஃபெரி, மடகாஸ்கர் படையெடுப்புக்கான நிதி குறித்த விவாதத்தில் தம் கொள்கையை விரித்துரைத்தார்.

உரையின் வாதங்கள்

உரையில் மூன்று வாதங்கள் உள்ளன. ஜெர்மனியும் அமெரிக்காவும் காப்புவரியால் தம் சந்தைகளை அடைத்துவருவதால் பிரெஞ்சுத் தொழில்களுக்குப் புதிய சந்தைகள் தேவை என்பது பொருளியல் வாதம். போர்க்கப்பல் 14 நாள்களுக்கு மேற்பட்ட நிலக்கரியைச் சுமக்க இயலாது. எனவே தொலைகடல்களில் துறைமுகங்கள் தேவை என்பது அரசியல் வாதம். உயர்ந்த இனங்களுக்குத் தாழ்ந்த இனங்களை நாகரிகப்படுத்தும் கடமை உண்டு, ஆதலின் அவற்றின்மீது உரிமையும் உண்டு என்பது மூன்றாவது.

முதல் இரண்டிலும் தன்னலம் வெளிப்படையாகவே பேசப்படுகிறது. மறைக்க ஏதுமில்லாத இடத்தில் போர்வை எதற்கு? விடை ஒரு குறுக்கீட்டில் கிடைக்கிறது. மனித உரிமைகளை அறிவித்த நாட்டில் இவ்வாறு பேசலாமா என்று உறுப்பினர் ஒருவர் கேட்டபோது, 1789ஆம் ஆண்டு அறிக்கை ஆப்பிரிக்கக் கறுப்பினத்தவருக்கும் உரியதாயின், அவர்கள்மீது வணிகத்தைத் திணிக்க எவ்வுரிமை உள்ளது என்று ஃபெரி எதிர்வினா எழுப்பினார். எதிராளியை மடக்க எழுந்த இவ்வினாவே உரையின் உண்மையான ஒப்புதல். சமத்துவத்தை ஏற்றால் சந்தையும் துறைமுகமும் உரிமையற்றவை ஆகிவிடும். ஆகவே இனப்படிநிலை இவ்வாதத்தின் போர்வை அன்று. அதைத் தாங்கும் உத்தரம். சமத்துவத்தைக் கொள்கையாகக் கொண்ட குடியரசு, அக்கொள்கையையும் ஆதிக்கத்தையும் ஒருசேர வைத்துக்கொள்ள அதுவே வழிசெய்தது.

1881, 1882ஆம் ஆண்டுகளில் இலவச, கட்டாயக் கல்விச் சட்டங்களைக் கொணர்ந்தவரும் ஃபெரியே. பள்ளி மாணவனுக்குத் தேர்ச்சி என ஒன்று உண்டு. நாகரிகம் கற்பிக்கப்படும் இனம் எப்போது தேறும் என்பதற்கோ உரையில் காலவரையறை இல்லை.

மறுப்பும் அதன் எல்லையும்

ஜூலை 30 அன்று ஜார்ஜ் கிளெமென்சோ மறுப்புரை ஆற்றினார். 1870ஆம் ஆண்டுப் போரில் பிரான்சு தோற்றது, பிரெஞ்சுக்காரர் தாழ்ந்த இனத்தவர் என்பதாலேயே என ஜெர்மன் அறிஞர்கள் நிறுவ முயன்றதை நினைவூட்டி, அத்தகைய உரிமையே இல்லை என்றார். ஆயினும் அவர் அடுக்கிய சான்றுகள் இந்திய, சீன நாகரிகங்களின் தொன்மையும் பெருமையும் ஆகும். பெருமையைச் சான்றாக்கும்போது, ஐரோப்பா பெருமையுடையவராக அறியாத மக்களின் உரிமை ஐயத்திற்கு இடமாகிறது. விவாதத்தின் மையமாகிய மடகாஸ்கர் மக்களுக்கு இச்சான்று துணைநிற்கவில்லை.

முடிவுரை

நிதி ஒப்புதல் பெற்றது. 1896இல் மடகாஸ்கர் பிரான்சுடன் இணைக்கப்பட்டது. அதே ஆண்டில் அங்கு அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. காலியெனியின் ஆட்சியில் கட்டாய உழைப்பு நடைமுறைக்கு வந்தது. ஃபெரியை மறுத்த கிளெமென்சோ பிரதமராக இருந்த 1907இல் பிரெஞ்சுக் கப்பல்கள் மொராக்கோவின் காசாபிளாங்காவைக் குண்டுவீசித் தாக்கின. எனவே இனவாதத்தைப் பொய்யென நிறுவுவது மட்டும் காலனிய நியாயத்தை வீழ்த்தப் போதாது. எவ்வுரிமை உள்ளது என்று ஃபெரியே எழுப்பிய வினாவை, நாகரிகப் பெருமையை அளவுகோலாக்காமல் எதிர்கொள்வதே அதை வீழ்த்தும்.