எருமை முதலில் எருமைதான்

உடம்பெல்லாம் கறுப்பாக இருந்தாலும் அது வெள்ளாடுதான். சுடுகாடு நன்காடாகும். நன்னூல் உரைகாரர்கள் இதை மங்கலம் என்பார்கள். சொல் ஓரிடத்தில் நிற்க, பொருள் வேறிடத்துக்குப் போய்விடுகிறது.

தொல்காப்பியர் பெயரியலிலேயே பொருளை வெளிப்படை, குறிப்பு என்று இரண்டாகப் பகுத்தார். நன்னூல் எழுதிய 13ஆம் நூற்றாண்டுப் பவணந்தியாரின் நூற்பாவைக் கொண்டு ஆகுபெயரை 16 வகையாக எண்ணுவது வழக்கம். பள்ளியில் நாம் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்த பட்டியல் அது.

வடமொழியாளர் காட்டும் எடுத்துக்காட்டு ‘கங்கையில் இடைச்சேரி’. ஓடும் நீர்மேல் சேரி இருக்க முடியாது. எனவே கரை என்று கொள்கிறோம். இது இலக்கணை. கூடவே அந்த இடத்தின் குளிர்ச்சியும் தூய்மையும் மனத்தில் படுகின்றனவே, அது வியஞ்சனை. 9ஆம் நூற்றாண்டுக் காஷ்மீரத்து ஆனந்தவர்த்தனர் இப்படிக் குறிப்பாகப் புலப்படும் தொனியையே கவிதையின் உயிர் என்றார்.

இலக்கணையில் நேர்ப்பொருள் முறிந்தால்தான் அடுத்த பொருள் பிறக்கும். இயற்கைக் காட்சிக்குள் இன்னொரு பொருளை ஒளித்துவைக்கும் நம் அகமரபின் உள்ளுறையில் அந்த நேர்ப்பொருள் முறியவே கூடாது. தெய்வம் நீங்கலான கருப்பொருள்களே அதற்கு நிலைக்களம் என்று தொல்காப்பியர் வரம்பும் கட்டினார். அகமரபின் இன்னொரு குறிப்பு உத்தியான இறைச்சி என்றால் என்ன என்பதில் மட்டும் உரையாசிரியர்கள் இன்றுவரை நம்மை ஒரு முடிவுக்கு வரவிடவில்லை!

உள்ளுறைக்கு அகநானூற்றின் 46ஆம் பாட்டைப் பாருங்கள். பாடியவர் அள்ளூர் நன்முல்லையார். தொழுவத்துச் சேறு பிடிக்காத எருமை, ஊர் உறங்கும் இரவில் கயிற்றை அறுக்கிறது. முள்வேலியைக் கொம்பால் விலக்குகிறது. மீன்கள் சிதற, வள்ளைக்கொடி குழம்ப, வயலில் இறங்கி வண்டு மொய்க்கும் தாமரையை மேய்கிறது. இப்படிப்பட்ட ஊருக்குரியவனே என்று தோழி தலைவனை விளிக்கிறாள். அவன் பரத்தையிடம் போனதை அவள் இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

பின்வந்தோர் கயிறு இது, வேலி இது, மீன் இன்னார், வண்டு இன்னார் என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் பிடித்தார்கள். சில பொருந்துகின்றன, சில வலிந்து கொண்டவை. வண்டு பாணனாக இல்லாவிட்டாலும் பாட்டுக்குக் குறையில்லை. ஆனால் அந்தச் சேற்று நாற்றமும் அறுந்த கயிறும் இல்லையென்றால் தோழியின் குத்தல் உறைக்காது.

வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கரும்பலகையில் ‘எருமை – தலைவன்’ என்று எழுதுமுன், அந்த எருமையை வயலில் இறங்கி வயிறார மேயவிடுங்கள்.