அருகே என்ற சொல்

2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04. அடையாறு எல்.பி. சாலையில் ஒரு டீக்கடை. சந்திரயான்-3-ன் லேண்டர் விக்ரம் நிலவில் தரை தொட்டதும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினோம். “தென்துருவத்துல இறங்கிட்டோம்ல சார்?” என்றார் கடைக்காரர். “ஆமாம்” என்றேன். அவர் கேட்டதும் பிழை, நான் சொன்னதும் பிழை.

சந்திரயான்-3 இறங்கிய இடம் ஏறத்தாழ 69 பாகைத் தென் அட்சம். அங்கிருந்து துருவத்துக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் உள்ள வான்வழித் தூரம். அவ்வளவு தெற்கே அதுவரை யாரும் மெல்ல இறங்கியதில்லை என்பதால் சாதனை குறையவில்லை. ஆனால் துருவத்தின் மீதான ஆர்வமே, வெயில் படாத பள்ளங்களில் உறைந்திருக்கும் நீரைப் பற்றியது. ‘அருகே’ என்ற ஒரு சொல்லைத் தலைப்புகள் விழுங்கியதால், விக்ரம் அந்த நீரைத் தேடிப் போனதாகவே வாசகர் எண்ணிக்கொண்டார்.

தமிழ் ஊடகத்தின் சிறப்பையும் சொல்லியாக வேண்டும். லேண்டரின் வேகம் படிப்படியாகத் தணிவதை எளிய வரைபடங்களால் புரியவைத்தார்கள். சோதனை ஓட்டங்களுக்கு நிலவு மண் போன்ற மண் நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டிப் பாறையிலிருந்து கிடைத்த கதை, உள்ளூர்ப் பெருமையையும் அறிவியல் முறையையும் ஒரே இழையில் கோத்த நல்ல செய்தி. திட்ட இயக்குநர் வீரமுத்துவேலின் விழுப்புரம் வீட்டுக்குப் போன கேமராக்கள் அப்படிக் கோக்கவில்லை; மனிதர் கிடைத்தார், அவர் செய்த வேலை கிடைக்கவில்லை.

முதன்மையான குறை சரிபார்ப்பில்தான். 2019 செப்டம்பர் 7 அதிகாலை, சந்திரயான்-2 தரையிறக்கத்தில் 2.1 கிலோமீட்டர் உயரம் வரை எல்லாம் இயல்பு என்றது இஸ்ரோ. நேரலைத் திரையில் லேண்டரைக் குறித்த பச்சைப் புள்ளி பாதைக் கோட்டை விட்டு விலகி, ஒரு கிலோமீட்டருக்கும் கீழே வந்து நின்றதைப் பார்த்தோம். நாடே பார்த்த சான்றை வைத்து ஒரு கேள்வி எழுந்திருக்க வேண்டாமா? இரண்டு நாள் கழித்து, ‘லேண்டர் உடையாமல் சாய்ந்து கிடக்கிறது’ என்ற செய்தி வந்தது. சென்னையில் பணியாற்றிய பொறியாளர் சண்முக சுப்பிரமணியன், நாசாவின் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டு லேண்டரின் சிதறலை அடையாளம் கண்டார். டிசம்பர் 2-ல் நாசா உறுதிசெய்தது. அவர் பேட்டி எல்லா இடத்திலும் வந்தது. முந்தைய செய்திக்கான திருத்தம் என் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை. அவர் செய்ததுதான் செய்தியாளர் வேலை என்பதைப் பேட்டி எடுத்தவர்கள் உணர்ந்தார்களா, தெரியவில்லை.

இன்னொன்று, கவனத்தின் ஆயுள். நிலவின் மேற்பரப்பில் 50 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம், எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் 10 என்று சந்திரயான்-3-ன் விக்ரமிலிருந்த கருவி அளந்தது. நிலவு மண் வெப்பத்தை எவ்வளவு மோசமாகக் கடத்துகிறது என்பதற்கு நேரடிச் சான்று. ஒரு பக்கக் கட்டுரைக்கான விஷயம். பெட்டிச் செய்தியாக முடிந்தது. நூறு மீட்டர் ஓடிய ரோவர் பிரக்யானை உறங்கவைத்தது செப்டம்பர் 2-ல். அன்றைக்கே சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 ஏவப்பட்டது. கேமராக்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன.

ஏவுதலையும் இறங்குதலையும் விளக்குவதில் நம் ஊடகம் தேறிவிட்டது. கண்டறிந்ததைச் சொல்வதிலும், தவறாகச் சொன்னதைத் திருத்துவதிலும் இன்னும் தேறவில்லை.